தட்டை மாற்றலாம், சுமையை யார் இறக்குவது?

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில், வாளையாறு எல்லையைத் தாண்டியதும் வருவது கஞ்சிக்கோடு. கேரளத்தின் பெரிய தொழிற்பகுதிகளுள் ஒன்று. தமிழும் மலையாளமும் ஒருசேர ஒலிக்கும் ஊர். ஒருபுறம் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. மறுபுறம் இரும்பை உருக்கும் ஆலைகளும் பொதுத்துறை நிறுவனங்களின் தொழிற்கூடங்களும் இயங்குகின்றன. மூலப்பொருள் வந்து இறங்குகிறது. செய்து முடித்த பொருள் லாரிகளில் ஏறுகிறது. இந்த ஏற்றுதலிலும் இறக்குதலிலும் ஒரு பகுதியை இன்றும் மனிதனின் தலையும் தோளும் முதுகுமே செய்து வருகின்றன.

ஆலையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் அதைச் சரிசெய்யும் முறை எளிது. பேரிங் தேய்ந்திருந்தால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார்கள். அடுத்த ஷிப்டில் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். அதே ஆலையின் வாயிலில் மூட்டை சுமக்கும் ஒரு தொழிலாளியின் முதுகும் ஒருநாள் அவ்வாறே நின்றுவிடக்கூடும். குனிந்தவரால் நிமிர முடிவதில்லை. வலி இடுப்பில் தொடங்கிக் கால் வரை இறங்குகிறது. படம் எடுத்துப் பார்த்தபின், "டிஸ்க் தேய்ந்திருக்கிறது" என்று சொல்லப்படுகிறது. இயந்திரங்களுக்கு நடுவே வாழ்ந்தவர் மனத்தில் உடனே எழும் கேள்வி, "தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க முடியாதா?" என்பதே.

முடியும் என்கிறது இன்றைய மருத்துவம். கழுத்திலும் இடுப்பிலும் கெட்டுப்போன தட்டை அகற்றி, உலோகத்தாலும் பாலிமராலும் ஆன செயற்கைத் தட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை உலகெங்கும் நடைபெறுகிறது. இந்தியாவின் பெருநகர மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. ஆயினும் 'முடியும்' என்பது ஒரு விடை. 'வேண்டும்' என்பது வேறொரு விடை. முன்னதைத் தருவது தொழில்நுட்பம். பின்னதைத் தேடும்போது மனிதன் அறத்தின் எல்லைக்குள் கால் வைக்கிறான். வலிக்கின்ற உடலில் மாற்ற வேண்டியது எது? அதை யார் முடிவு செய்வது? எந்த உண்மைகளைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது?

இயற்கை அமைத்த தட்டு

மனிதனின் முதுகெலும்பில் முள்ளெலும்புகளுக்கு இடையே இருபத்து மூன்று இடைத்தட்டுகள் உள்ளன. 'டிஸ்க்' என்றும் 'ஜவ்வு' என்றும் பேச்சு வழக்கில் சொல்லப்படுபவை இவையே. ஒவ்வொன்றின் நடுவிலும் நீர்ச்சத்து மிகுந்த மென்மையான கரு. அதைச் சுற்றிலும் பல அடுக்குகளாக அமைந்த உறுதியான நார் வளையம். முதுகெலும்பு வளைவதும் திரும்புவதும் அதிர்ச்சியைத் தாங்குவதும் இவற்றால்தான்.

பகல் முழுவதும் உடலின் எடையையும் தூக்கும் சுமையையும் தாங்கும்போது இத்தட்டுகளிலிருந்து நீர் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. அதனால் மாலையில் மனிதனின் உயரம் காலையில் இருந்ததைவிட ஒரு செ.மீ.க்கும் மேல் குறைந்திருக்கும். இரவில் படுத்து உறங்கும்போது நீர் மீண்டும் உள்ளே வருகிறது. இழந்த உயரம் திரும்புகிறது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் தட்டுக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் படுத்திருக்கும்போது இருந்தது. கையில் எடையோடு முன்னே குனியும்போதோ, அது நிற்கும்போது இருப்பதைப்போல் இரு மடங்கையும் தாண்டியது.

இந்தத் தட்டுகளுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. வளர்ந்த மனிதனின் தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அவ்வாறாயின் அதற்கு உணவு எங்கிருந்து வருகிறது? மேலும் கீழும் உள்ள எலும்பின் மெல்லிய தகட்டின் வழியாக அது மெல்லக் கசிந்து வருகிறது. கஞ்சிக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவிலுள்ள கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் இக்கசிவை உயிருள்ள மனிதரிலேயே பின்தொடர்ந்து பார்த்தனர். நிறமூட்டும் மருந்தை நரம்பில் செலுத்திவிட்டு, அது தட்டின் நடுப்பகுதியைச் சென்றடைவதைப் பல மணி நேரம் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. படங்களாக எடுத்தார்கள். எலும்பில் சில நிமிடங்களில் தெரிந்த மருந்து, தட்டின் மையத்தில் உச்சத்தை எட்டப் பல மணி நேரம் ஆயிற்று. எலும்புத் தகடு பழுதுபட்டிருந்தால் கசிவின் போக்கே மாறிவிடுவதையும் அவர்கள் கண்டனர். முதுகெலும்பு ஆராய்ச்சியில் உலக அளவில் மதிக்கப்படும் பரிசு 2004-ஆம் ஆண்டில் இந்த ஆய்வுக்குக் கிடைத்தது.

உயிருள்ள தட்டு மெல்ல உண்கிறது, மெல்லத் தேய்கிறது, ஓரளவுக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. மனிதன் செய்யும் தட்டு உண்பதில்லை. பொருத்தப்பட்ட நாள் முதல் அதற்குத் தேய்வு மட்டுமே உண்டு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு உடலையும் இயந்திரத்தையும் ஒன்றாக நினைப்பதில்தான் முதற்பிழை தொடங்குகிறது.

காத்திருக்கத் தெரிந்த அறிவு

செயற்கைத் தட்டு வருவதற்கு முன்பு மருத்துவர்களின் கையில் இருந்த வழி, இரண்டு முள்ளெலும்புகளையும் ஒன்றாக இணைத்துவிடுவது. நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ ஆகிய இருவரும் 1911-ஆம் ஆண்டில் தனித்தனியே இம்முறையை வெளியிட்டனர். எலும்புகள் ஒன்றாகிவிட்டால் அவ்விடத்தில் அசைவு நின்றுவிடும். அசைவினால் வரும் வலியும் பெரும்பாலும் நிற்கும். ஆனால் அசைவு நின்ற இடத்தின் வேலையை அதன் அண்டையிலுள்ள தட்டுகள் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. எனவே வலியைப் போக்கி அசைவையும் காப்பாற்ற இயலுமா என்ற தேடல் எழுந்தது.

1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம் தட்டு இருந்த இடத்தில் எஃகுக் குண்டுகளை வைத்துப் பார்த்தார். கடினமான குண்டு மென்மையான எலும்புக்குள் புதைந்துபோனது. பின்னர் கிழக்கு பெர்லினிலுள்ள சாரிட்டே மருத்துவமனையில் கரின் பியூட்னர்-யான்ஸ், கூர்ட் ஷெல்நாக் என்னும் இரு மருத்துவர்கள், இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வழுக்கி நகரும் பிளாஸ்டிக் கருவை அமைத்தனர். 1984-ஆம் ஆண்டில் அது முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இவ்விருவருள் கரின் பியூட்னர்-யான்ஸின் வாழ்க்கை வியப்புக்குரியது. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றவர் அவர். முதுகெலும்பு எவ்வளவு வளையும், எவ்வளவு தாங்கும் என்பதைத் தன் உடலாலேயே அறிந்த ஒருவர், பிறருடைய முதுகெலும்பின் அசைவைக் காப்பாற்றும் கருவியை உருவாக்க முனைந்தார். எனினும் முதல் இரண்டு வடிவங்களிலும் குறைகள் தோன்றின. 1987-ஆம் ஆண்டில் மூன்றாவது வடிவம் செய்யப்பட்டது. அது அமெரிக்க அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. மூன்றே ஆண்டுகளில், 2007-இல், அதே நாட்டின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், அறுபது வயதைக் கடந்தோருக்கு இடுப்பில் செயற்கைத் தட்டு வைக்கும் செலவை ஏற்பதில்லை என முடிவு செய்தது. அந்த வயதில் பயன் உண்டென்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே காரணம்.

இந்த வரலாற்றில் அறம் கற்க விரும்புவோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிரான்சின் மோன்பெல்லியே நகரத்து மருத்துவர் தியரி மார்னே வேறொரு வகைச் செயற்கைத் தட்டை உருவாக்கி, 1990-ஆம் ஆண்டு முதல் 1993 வரை 64 நோயாளிகளுக்குப் பொருத்தினார். பிறகு அவர் நிறுத்திக்கொண்டார். நோயாளிகள் பல ஆண்டுகள் நடந்து, குனிந்து, உழைத்து வாழ்ந்தபின் அவர்களை மீண்டும் தேடிப் பரிசோதித்து, விளைவு நன்றாக இருந்ததைக் கண்ட பின்னரே அந்தக் கருவி பரவலான பயன்பாட்டுக்கு வந்தது.

தான் கண்டுபிடித்ததைத் தானே சில காலம் தடுத்து வைப்பது எளிதான செயலா? புகழ் காத்திருக்கிறது; பொருள் காத்திருக்கிறது; வலியால் துடிப்பவர்களும் காத்திருக்கிறார்கள். ஆயினும், "இது பத்தாண்டுகளுக்குப் பின் எப்படியிருக்கும் என்று தெரியவில்லை" என்ற உண்மையை மதித்து நிற்பதற்கு அறிவோடு அடக்கமும் தேவை. எஃகுக் குண்டு புதைந்த கதையும், அறுபத்து நான்கு பேரோடு நின்ற கதையும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள். உடலுக்குள் வைக்கப்படும் பொருளைக் குறித்துக் காலம் மட்டுமே கடைசிச் சான்று சொல்ல முடியும்.

படம் சொல்வதும் உடல் சொல்வதும்

அறுவைக்கு முன்பு நிகழும் முதல் செயல் படம் எடுப்பது. எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் பிடித்து, "இதோ, இந்தத் தட்டு கறுத்திருக்கிறது; இது பிதுங்கியிருக்கிறது" என்று காட்டும்போது நோயாளிக்கு ஐயம் எதுவும் எஞ்சுவதில்லை. கண்ணால் கண்டதற்குமேல் சாட்சி எதற்கு?

ஆனால் கண்ணால் கண்டதும் முழு உண்மையாகிவிடாது. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், முதுகுவலி சிறிதும் இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோரின் முதுகில் குறைந்தது ஒரு தட்டாவது பிதுங்கியிருந்தது. எல்லாத் தட்டுகளும் குறையின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வலியே இல்லாதவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டியது. இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் தட்டுத் தேய்வின் அடையாளங்கள் இருந்தன. தலை நரைப்பதுபோல் தட்டும் மூப்படைகிறது. நரைத்த தலையெல்லாம் நோயுற்ற தலையாகுமா?

இதனால் படம் பொய் என்றாகிவிடாது. வலி கற்பனை என்றும் ஆகிவிடாது. படத்தில் தெரிவதுதான் இந்த வலிக்குக் காரணமா என்பதைத் தனியே ஆராய வேண்டும் என்பதே இதன் பொருள். நோய் இன்னதென்றும், அதன் காரணம் இன்னதென்றும், அதைத் தணிக்கும் வழி இன்னதென்றும் தெளிந்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டுமெனத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வகுத்த வரிசையும் இதுவே. படத்தைக் கண்டதும் நேரே தீர்வுக்குத் தாவினால் நடுவிலிருக்கும் 'காரணம்' என்ற படி விடுபட்டுப் போகிறது.

இங்கே மருத்துவரின் வாய்மை சோதிக்கப்படுகிறது. "உங்கள் முதுகு நொறுங்கிவிட்டது" என்று ஒருவர் சொல்லலாம். "உங்கள் வயதில் பலருக்கும் காணப்படும் மாற்றம் இது; வலிக்கு இதுவே காரணமா என்று பார்ப்போம்" என்று இன்னொருவர் சொல்லலாம். படம் ஒன்றுதான். முதற்சொல்லைக் கேட்டவர் அன்று முதல் குனியவும் அஞ்சுகிறார், படுக்கையை நாடுகிறார், தசைகள் மெலிய, வலி வளர்கிறது. இரண்டாம் சொல்லைக் கேட்டவர் மெல்ல எழுந்து நடக்கிறார். சொல்லும் ஒரு மருந்தே. அளவு தவறினால் அதுவும் தீங்கு செய்யும்.

நார்வே நாட்டின் தராசு

செயற்கைத் தட்டையும் அறுவையில்லாத பயிற்சியையும் நேருக்கு நேர் எடை போட்ட முக்கியமான ஆய்வு ஒன்று நார்வேயில் நடந்து, 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓராண்டுக்கும் மேலாக இடுப்புவலியால் துன்புற்ற, தட்டுத் தேய்வு கண்ட 173 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்குச் செயற்கைத் தட்டு பொருத்தப்பட்டது. மறுபாதியினருக்குச் சில வாரங்களில் ஏறக்குறைய அறுபது மணி நேரம் பயிற்சி அளிக்கப்பட்டது. அது வெறும் உடற்பயிற்சியாக இருக்கவில்லை. வலி என்றால் என்ன, அசைவதால் முதுகு உடைந்துவிடாது, அச்சம் எவ்வாறு வலியைப் பெருக்குகிறது என்பனவெல்லாம் அவர்களுக்கு எடுத்துரைக்கப்பட்டன.

இரண்டாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது இரு பிரிவினரும் முன்னேறியிருந்தனர். அறுவை செய்துகொண்டோர் கூடுதலாக முன்னேறியிருந்தனர். ஆனால் நூறு புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அந்த வேறுபாடு 8.4 புள்ளி. ஆய்வாளர்கள் தாங்களே முன்னதாக, "பத்துப் புள்ளி வேறுபாடு இருந்தால்தான் நோயாளியின் வாழ்வில் பொருட்படுத்தத்தக்கது" என்று வரையறுத்திருந்தார்கள். எட்டாண்டுகள் கழித்தும் அவர்கள் இந்நோயாளிகளைத் தேடிச் சென்று பார்த்தார்கள். வேறுபாடு ஏறக்குறைய ஆறு புள்ளியாகக் குறைந்திருந்தது. அறுவைப் பிரிவில் ஒருவர் காலை இழக்க நேர்ந்த கொடிய விளைவும் உண்டு. இடுப்பில் இத்தட்டை வைக்க வயிற்றின் முன்புறமாகப் பெரிய இரத்தக் குழாய்களை விலக்கிச் செல்ல வேண்டும். ஒருமுறை வைத்ததை மீண்டும் எடுக்கச் செல்வது முதல் அறுவையைவிட ஆபத்து மிகுந்தது.

இந்த எண்களை இருபுறமும் படிக்கலாம். அறுவையே வீண் என்று முடிவு கட்டுவது நேர்மையாகாது. அதனால் உண்மையிலேயே நலமடைந்தோர் பலர் உண்டு. அறுவைதான் ஒரே வழி என்பதும் நேர்மையாகாது. அறுபது மணி நேர அறிவுரையும் பயிற்சியும் ஒரு பெரிய அறுவைக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்குமானால், அந்த அறுபது மணி நேரத்தை ஒருவருக்கு அளித்துப் பார்க்காமலேயே அவரைக் கத்தியின் கீழ் படுக்கவைப்பது சரியா என்பதே எழ வேண்டிய கேள்வி.

பொறுமை எது, புறக்கணிப்பு எது?

இதன் மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வதே பெருமை என்ற எண்ணம் இந்நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உடல் நிலையற்றது, துன்பம் வினைப்பயன், ஆகவே தாங்கிக்கொள்வதே தகும் என்று எண்ணி மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுவோர் பலர். குடும்பத்திற்காக உழைக்கும் பெண்களிடம் இதை அதிகமாகக் காணலாம்.

ஆனால் பொறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தபின் எஞ்சும் துன்பத்தை மனம் கலங்காமல் தாங்குவது பொறுமை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு அதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. கால்களில் பலம் குறைந்தாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போனாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப் போனாலோ, கழுத்துவலியோடு கைகள் நழுவி நடை தள்ளாடினாலோ, அது காத்திருக்கும் நேரமன்று. நரம்போ தண்டுவடமோ நசுங்குவதன் அடையாளங்கள் அவை. மணிக்கணக்கில் தாமதித்தாலும் இழந்தது திரும்பாமல் போகலாம். அங்கே அறுவை சிகிச்சை ஓர் உயிரின் நடையையே காப்பாற்றுகிறது.

கழுத்தைப் பொறுத்தவரை செயற்கைத் தட்டின் கதை இடுப்பின் கதையிலிருந்து சற்று வேறுபடுகிறது. கழுத்துத் தட்டு நரம்பை அழுத்தி, கைக்கு இறங்கும் வலி தணியாதபோது, அத்தட்டை அகற்றுவது நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. அகற்றிய இடத்தை இணைப்பதா, அசையும் தட்டை வைப்பதா என்பதே அங்கு கேள்வி. 2007-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கழுத்துத் தட்டுகள், தகுந்த நோயாளிகளிடம் இணைப்பு முறைக்குக் குறையாத பலனைத் தந்துள்ளன. மறு அறுவைக்கான தேவை குறைந்ததாகவும் பல ஆய்வுகள் கூறுகின்றன. 'தகுந்த' என்ற சொல்லே முக்கியம். எலும்பு மெலிவு உடையோருக்கும், முள்ளெலும்புகள் நழுவியிருப்போருக்கும், பின்புற மூட்டுகள் மிகவும் தேய்ந்திருப்போருக்கும், தொற்று இருப்போருக்கும் அது பொருந்தாது. இடம், நோய், வயது, உடல்நிலை ஆகியவை மாறும்போது விடையும் மாறுகிறது. எனவே ஒருவருக்கு நலம் தந்த சிகிச்சையை மற்றவர் அப்படியே கேட்பதும், ஒருவருக்குப் பலிக்காததை மற்றவர் அஞ்சி ஒதுக்குவதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள்.

இறக்கப்படாத சுமை

இப்போது கஞ்சிக்கோட்டின் ஆலை வாயிலுக்கே வரலாம். அங்கே முதுகு ஒடிந்து நிற்கும் தொழிலாளிக்கு அறுவைக்குப் பணம் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். திறமையான மருத்துவரும் கிடைத்துவிட்டார். புதிய தட்டும் நன்றாகப் பொருந்திவிட்டது. சில மாதங்களில் அவர் எழுந்து நடக்கிறார். அடுத்து அவர் எங்கே போவார்? அதே வாயிலுக்கு, அதே மூட்டைக்கு. வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு வைக்கப்பட்ட தட்டு, இன்னும் இருபது ஆண்டுகள் மூட்டை தூக்கும் முதுகில் எவ்வளவு காலம் நிற்கும்?

சுமைதான் தட்டைத் தேய்க்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. பின்லாந்தின் இரட்டையர்களை வைத்து டாப்பியோ வீட்மன், மிஷெல் பாட்டியே முதலியோர் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு அந்த நம்பிக்கையைத் திருத்தியது. ஒருவர் கடினமாக உழைத்தவர், மற்றவர் அமர்ந்து வேலை செய்தவர் என்று தொழில் வேறுபட்டாலும், இரட்டையரின் தட்டுகள் பெரிதும் ஒத்திருந்தன. தேய்வில் மரபுக்கு இருந்த பங்கு, சுமைக்கு இருந்த பங்கைவிட மிகப் பெரிது.

இதைக் கேட்டு, "அப்படியானால் சுமை கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லை" என்று ஒருவர் மூச்சுவிடலாம். அது அவசர முடிவு. தட்டு தேய்வது ஒன்று. தேய்ந்த தட்டோடு வாழ முடியாமல் போவது இன்னொன்று. ஒரே அளவு தேய்ந்த முதுகோடு ஓர் அலுவலர் நாற்காலியை மாற்றிக்கொண்டும், இடையிடையே எழுந்து நடந்தும், இரண்டு நாள் விடுப்பு எடுத்தும் வலியைக் கடந்துவிடுகிறார். அதே தேய்வுள்ள சுமைத் தொழிலாளிக்கு ஒருநாள் ஓய்வு ஒருநாள் பட்டினி. முதல்வருக்கு வெறும் தொல்லையாக இருப்பது இரண்டாமவருக்கு வாழ்வின் முடிவுபோல் ஆகிறது. தட்டின் தேய்வை மரபு வகுக்கலாம். அந்தத் தேய்வு யாரை வீழ்த்தும் என்பதைச் சமூகம் வகுக்கிறது. இன்னொன்றும் உண்டு. மரபால் வந்த தேய்வுக்கு நோயாளியின் சோம்பலையோ கவனக்குறைவையோ பழித்துப் பேசும் உரிமையும் எவருக்கும் இல்லை.

இதை உணர்ந்த முயற்சிகள் இல்லாமல் இல்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டிலேயே, வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. சுமைத் தொழிலாளர்களுக்கெனக் கேரளம் 1978-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது. எனினும் அங்கே உச்ச அளவு 75 கிலோவாகவே நீடித்தது. அதை 55 கிலோவாகவும், பெண்களுக்கும் இளையோருக்கும் 35 கிலோவாகவும் குறைக்கும் சட்டத் திருத்தத்துக்கு 2021-ஆம் ஆண்டில்தான் கேரள அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பரிந்துரைக்கும் முடிவுக்கும் இடையே 54 ஆண்டுகள்! அந்த ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனை முதுகுகள் அந்த இருபது கிலோவைக் கூடுதலாகச் சுமந்திருக்கும்?

மூட்டையின் எடையைக் குறைக்க அறுவை அரங்கு தேவையில்லை. ஆலையில் ஒரு தள்ளுவண்டியோ சிறிய பளுதூக்கியோ வைப்பதற்கு ஒலிம்பிக் வீராங்கனையின் கண்டுபிடிப்பு தேவையில்லை. சிமெண்டையும் அரிசியையும் சிறிய பைகளில் கட்டுவதற்குப் பத்தாண்டு ஆய்வு தேவையில்லை. ஆயினும் இவை மெல்ல வருகின்றன. விலை உயர்ந்த தட்டு விரைந்து வருகிறது. ஏன்? தட்டு ஒரு நோயாளியின் பிரச்சினையாக, அவர் குடும்பத்தின் கடனாக முடிந்துவிடுகிறது. சுமையோ பலருடைய வசதியைத் தொடுகிறது. ஒருவருடைய உடலுக்குள் இருப்பதை மாற்றுவதில் மற்றவர் எவரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை; வெளியே இருப்பதை மாற்ற வேண்டுமானால் எல்லோரும் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆலை வாயிலில் மட்டும் நிற்கும் கேள்வியன்று இது. நாள் முழுவதும் கணினியின்முன் கழுத்தை நீட்டி அமர்ந்திருக்கும் இளைஞரும், தண்ணீர்க் குடங்களைச் சுமந்து படியேறும் இல்லத்தரசியும், புத்தக மூட்டையோடு பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் இதே கேள்விக்குள் அடங்குவர். 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 61.9 கோடிப் பேர் இடுப்புவலியோடு வாழ்ந்தனர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இத்தனை பேருக்கும் தட்டு மாற்ற எந்த நாட்டாலும் இயலாது. மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவன அச்சம் நீக்கும் சொல், அளவான அசைவு, சிறிது ஓய்வு, குறைந்த சுமை ஆகியவையே.

மூவரின் கடமை

ஆகவே இவ்விஷயத்தில் அறம் மூவரிடம் பிரிந்து நிற்கிறது.

நோயாளியின் கடமை, வலியை மறைக்காமலும் பெருக்காமலும் உள்ளபடி சொல்வது. அறுவைக்குச் சம்மதிக்குமுன் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேட்பது: படத்தில் தெரிவதுதான் என் வலிக்குக் காரணம் என்பது எப்படித் தெரிந்தது? அறுவையின்றி முறையான பயிற்சியை முழுமையாகச் செய்து பார்த்தாயிற்றா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தால் இருபது ஆண்டுகளுக்குப் பின் என்ன ஆகும்? இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாமா? இக்கேள்விகளை அவமதிப்பாகக் கருதாத மருத்துவர் கிடைத்தால் நோயில் பாதி நீங்கியதாகவே கொள்ளலாம்.

மருத்துவரின் கடமை, தெரிந்ததை மறைக்காததோடு, தெரியாததையும் மறைக்காமல் இருப்பது. புதிய கருவி கையில் இருப்பதனாலேயே அதைப் பயன்படுத்தும் ஆவல் எழுவது இயல்பு. அந்த ஆவலுக்கும் நோயாளியின் நலனுக்கும் இடையே ஒரு கணம் நின்று யோசிப்பதுதான் அத்தொழிலின் தவம். வெட்டத் தெரிந்த கை சிறந்தது. வெட்டாமலிருக்கவும் தெரிந்த கை அதனினும் சிறந்தது.

மூன்றாவது கடமை சுமை கொடுப்பவருக்கு. வேலை வாங்குபவரும், அந்தப் பொருளை வாங்குபவரும், சட்டம் செய்பவரும், அதை நடைமுறைப்படுத்துபவரும் அதில் பங்குடையோர். மலிவாகக் கிடைத்த பொருளின் விலையில் ஒரு பகுதியை யாரோ ஒருவர் தம் முதுகால் கொடுத்திருக்கக்கூடும். அந்தக் கணக்கு எந்த ரசீதிலும் அச்சிடப்படுவதில்லை.

தேய்ந்த தட்டை எடுத்துவிட்டு அசையும் தட்டை வைக்கக் கற்றுக்கொண்டது மனித அறிவின் பெருமை. அதை எப்போது வைக்க வேண்டும், எப்போது வைக்கக் கூடாது என்று நிதானிப்பது அறிவின் முதிர்ச்சி. தட்டு தேயும் முன்பே பிறர் தோளிலிருக்கும் மூட்டையின் ஒரு நுனியைப் பிடிக்கக் கை நீளுமானால், அது அன்பு. முதலாவதைச் சிலரே செய்ய முடியும். கடைசியாகச் சொன்னதற்கு எவரிடமும் பட்டம் கேட்பதில்லை.